ஹெர்ப்பிஸ் இரத்தப் பரிசோதனை முடிவு குழப்புகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்தம் கொடுக்கப் போகிறவர் மனத்தில் ஒரு கேள்வி இருக்கிறது; கைக்கு வரும் முடிவுத்தாளோ வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. ஹெர்ப்பிஸ் பரிசோதனையைச் சுற்றி எழும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் பிறப்பவைதாம். கீழுள்ள பதில்கள் மருத்துவரின் ஆலோசனைக்கு ஈடாகமாட்டா. ஆனால் அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கும்.

இந்தப் பரிசோதனை உண்மையில் எதைத் தேடுகிறது?

வைரசைத் தேடவில்லை. உதட்டிலோ பிறப்புறுப்பிலோ கொப்புளம் எழுப்பும் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் (சுருக்கமாக எச்எஸ்வி; வகை 1, வகை 2 என இரண்டு உண்டு) உடலுக்குள் நுழைந்தபின் தோலிலிருந்து நரம்பு வழியாக மேலேறி, முகத்துக்கான நரம்பு முடிச்சிலோ முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் உள்ள நரம்பு முடிச்சிலோ போய் ஒடுங்கிவிடுகிறது. இரத்தத்தில் அது பொதுவாகச் சுற்றுவதில்லை. ஆகவே இரத்தத்தில் அந்த வைரசைக் கண்டு உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளைத்தான் (ஐஜிஎம், ஐஜிஜி என்பவை அதன் இரு வகைகள்) ஆய்வகம் தேடுகிறது. திருடன் வீட்டில் இருக்கிறானா என்று பார்க்காமல், காவலர் குறிப்பேட்டில் அவன் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பதைப் போன்றது இது. பெயர் இருந்தால் அவன் எப்போதோ வந்திருக்கிறான். எந்தக் கதவு வழியாக, எந்த நாளில் என்பதைக் குறிப்பேடு சொல்லாது.

ஐஜிஎம் பாசிட்டிவ், ஐஜிஜி நெகட்டிவ் என்று வந்திருக்கிறது. அண்மையில்தான் தொற்றியது என்று பொருளா?

அப்படி முடிவு கட்ட வேண்டாம். புதிய தொற்றின்போது முதலில் ஐஜிஎம் உருவாகும், பின்னர் ஐஜிஜி தோன்றி நிலைத்திருக்கும் என்ற பொதுப்பாடம் பல நோய்களுக்குப் பொருந்தும். ஹெர்ப்பிசில் அது இரண்டு வகையில் பொய்த்துப்போகிறது. பழைய தொற்று மீண்டும் கிளம்பும்போதும் ஐஜிஎம் தலைகாட்டலாம். எனவே அது புதுத் தொற்றுக்கு அடையாளமாகாது. அத்துடன், ஐஜிஎம் சோதனைகளால் வகை 1, வகை 2 ஆகிய இரண்டையும் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியாது. தொற்றே இல்லாதவரிடமும் அது பாசிட்டிவ் காட்டுவதுண்டு. இக்காரணங்களால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதல், ஹெர்ப்பிசைக் கண்டறிய ஐஜிஎம் சோதனையைப் பரிந்துரைப்பதில்லை. இருந்தும் பல ஆய்வகங்கள் ஐஜிஜியோடு அதையும் சேர்த்தே செய்து அனுப்புகின்றன. அந்த ஒரு வரியை அச்சிடாமல் விட்டாலே எத்தனையோ பேர் நிம்மதியாக உறங்குவார்கள் என்பது இதை எழுதுபவரின் எண்ணம்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான்: ஐஜிஎம் வரியை ஒதுக்கிவிட்டு, ஐயத்துக்குரிய தொடர்பு நடந்து 12 வாரம் ஆனபின் வகை பிரித்துக் காட்டும் ஐஜிஜி சோதனையை மட்டும் செய்து பார்ப்பது.

'எச்எஸ்வி 1 மற்றும் 2' என்று சேர்த்து ஒரே எண் கொடுத்திருக்கிறார்கள். அதை எப்படி வாசிப்பது?

வாசிக்க அதிகம் இல்லை. இரண்டு வைரஸ்களின் புரதங்களில் பெரும்பகுதி ஒன்றையொன்று ஒத்திருப்பதால், ஒன்றுக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் மற்றதோடும் ஒட்டிக்கொள்ளும். கிளைக்கோபுரோட்டீன் ஜி என்னும் ஒரு புரதத்தில்தான் இரண்டுக்கும் தெளிவான வேறுபாடு உண்டு. அதை அடிப்படையாகக் கொண்ட சோதனைகளே வகையைப் பிரித்துக் காட்டுகின்றன. கூட்டு எண் பாசிட்டிவ் என்றால் இரண்டில் ஏதோ ஒன்று, பெரும்பாலும் வகை 1, என்றோ தொற்றியிருக்கிறது என்ற அளவோடு நிறுத்திக்கொண்டு, கிளைக்கோபுரோட்டீன் ஜி அடிப்படையிலான சோதனை கிடைக்குமா என்று கேட்பதே நல்லது.

வகை 1 பாசிட்டிவ், வகை 2 நெகட்டிவ். எனக்குப் பாலியல் நோய் இருக்கிறதா?

உலக நலவாழ்வு அமைப்பின் கணக்குப்படி, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு வகை 1 தொற்று உண்டு. பெரும்பாலோருக்கு அது குழந்தைப் பருவத்தில், பெரியவர்களின் முத்தம் போன்ற சாதாரணத் தொடுதலில் எச்சில் வழியாக வந்தது. உதட்டோரம் கொப்புளமாக எழுந்து ஆறியிருக்கலாம், எதுவுமே தெரியாமலும் போயிருக்கலாம். இந்த முடிவு உங்களை உலகின் பெரும்பான்மையோடு சேர்க்கிறதே தவிர வேறொன்றும் செய்யவில்லை.

ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். வாய்வழி உறவின் மூலம் வகை 1 பிறப்புறுப்பிலும் தொற்றக்கூடும். முதன்முறையாக வரும் பிறப்புறுப்பு ஹெர்ப்பிசுக்குப் பல நாடுகளில் இன்று வகை 1 ஒரு முக்கியக் காரணம். ஆனால் வைரஸ் உதட்டில் இருக்கிறதா, இடுப்புக்குக் கீழே இருக்கிறதா என்பதை இரத்தம் காட்டிக்கொடுக்காது. புண் எழும்போது அந்த இடத்திலேயே மாதிரி எடுத்துப் பார்ப்பதுதான் இடத்தை அறியும் ஒரே வழி. வகை 2 அவ்வாறன்று: அது மிகப் பெரும்பாலும் பிறப்புறுப்பைச் சார்ந்தே தங்குவதால், உறுதிப்பட்ட வகை 2 முடிவிலிருந்து இடத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

வகை 2-க்கான இண்டெக்ஸ், அதாவது எதிர்ப்பொருள் அளவைக் குறிக்கும் எண், 1.8 என்று வந்திருக்கிறது. எனக்கு ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. இதை நம்புவதா?

இந்தப் பக்கத்தில் நிதானமாக வாசிக்க வேண்டிய பதில் இது.

எதிர்ப்பொருளை அளக்கப் பரவலாகப் பயன்படும் எலிசா என்னும் இரத்தச் சோதனைகளில் 0.9-க்குக் கீழ் இருந்தால் நெகட்டிவ், 0.9-க்கும் 1.1-க்கும் இடையே இருந்தால் உறுதி சொல்ல முடியாத நிலை, 1.1-ஐ எட்டினால் பாசிட்டிவ் என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். தாளில் 1.8-ம் 'பாசிட்டிவ்', 12-ம் 'பாசிட்டிவ்'. இரண்டும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டாலும் ஒரே உறுதி கொண்டவையல்ல. 1.1 முதல் 3.0 வரையிலான தாழ்ந்த எண்களில் தவறான பாசிட்டிவ் மிக அதிகம். வகை 1 தொற்று ஏற்கெனவே உள்ளவர்களிடம் அந்த எதிர்ப்பொருளின் சாயல் வகை 2 சோதனையில் ஒட்டிக்கொள்வது இதற்கு ஒரு காரணம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டப்படுகிறது: உண்மையில் வகை 2 தொற்று இல்லாதவர்களை 'இல்லை' என்று சரியாகச் சொல்லும் எலிசாவின் திறன் அந்த ஆய்வில் 57.4 சதவீதம்தான் இருந்தது. அது உறுதிப்படுத்தும் சோதனை தேடி வந்தவர்களிடையே எடுக்கப்பட்ட கணக்கு என்பதால் எல்லோருக்கும் அப்படியே பொருத்த முடியாது, ஆனால் 1.8-ஐக் கையில் வைத்திருப்பவரும் அப்படி ஐயத்தோடு நிற்பவர்தானே. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் 2023-இல், வகை 2-க்கான இரத்தச் சோதனைகளில் தவறான பாசிட்டிவ் வரக்கூடும் என்று மருத்துவர்களையும் ஆய்வகங்களையும் எச்சரித்தது.

எனவே 1.8 என்ற எண்ணை நோய்க்கான தீர்ப்பாகக் கொள்ளாமல், இன்னொரு சோதனைக்கான அழைப்பாகக் கொள்ள வேண்டும். அந்த இன்னொரு சோதனை, அதே எலிசாவை அதே ஆய்வகத்தில் மறுநாள் திரும்பச் செய்வதாக இருக்கக் கூடாது. முதல் முறை பிழையாக ஒட்டிய பொருள் இரண்டாம் முறையும் ஒட்டும். வேறு முறையில் இயங்கும் சோதனை தேவை. வைரசின் புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, எதிர்ப்பொருள் எந்தெந்தப் புரதத்தோடு ஒட்டுகிறது என்று வரிவரியாகப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் முறை நெடுங்காலமாக அளவுகோலாகக் கருதப்பட்டு வருகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட முறை அவற்றுள் அறியப்பட்டது. எல்லா இடங்களிலும் அது கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் மருத்துவர் செய்யக்கூடியது, அண்மையில் தொற்றியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் 12 வாரத்துக்குப் பின் மறுபடி பார்த்து எண் ஏறுகிறதா என்று கவனிப்பதும், புண் ஏதேனும் எழுந்தால் உடனே மாதிரி எடுப்பதும்தான்.

'95 சதவீதம் துல்லியமான சோதனை' என்கிறார்களே. பிறகு எப்படி இவ்வளவு தவறுகள்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஆயிரம் பேரில் 50 பேருக்குத்தான் வகை 2 தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொற்றுள்ளவர்களில் 95 சதவீதத்தினரைச் சோதனை சரியாகப் பிடித்தால் 48 பேர் வரை பாசிட்டிவ். தொற்றில்லாத 950 பேரில் 95 சதவீதத்தினரைச் சரியாக விலக்கினாலும் மிச்சமுள்ள 5 சதவீதத்தினர், அதாவது அவர்களிலும் 48 பேர் வரை, பாசிட்டிவ். ஆக, பாசிட்டிவ் தாளோடு வீடு திரும்பும் 96 பேரில் பாதிப்பேருக்குத் தொற்றே இல்லை. அதே சோதனையை, பாதிப்பேருக்குத் தொற்று உள்ள ஆயிரம் பேரிடம் செய்தால் 475 பாசிட்டிவ் மெய், 25 மட்டுமே பொய்.

சோதனை மாறவில்லை, சோதிக்கப்படுபவர்தாம் மாறியிருக்கிறார். அறிகுறியே இல்லாமல், ஐயப்பட முகாந்திரமும் இல்லாமல், 'எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவோம்' என்று செய்துகொண்டவருக்கு வரும் பாசிட்டிவும், திரும்பத் திரும்பப் புண் வந்தவருக்கு வரும் பாசிட்டிவும் ஒரே மதிப்புடையவையல்ல.

அதனால்தான் மருத்துவர் எனக்கு இந்தச் சோதனை எழுதித் தர மறுத்தாரா?

பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும். அறிகுறி இல்லாத பதின்பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும், கர்ப்பிணிகள் உட்பட, இரத்தப் பரிசோதனை மூலம் பிறப்புறுப்பு ஹெர்ப்பிசைத் தேட வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2016-இல் பரிந்துரைத்து, 2023-இல் அதையே மீண்டும் உறுதிசெய்தது. துணைவருக்கு ஹெர்ப்பிஸ் இருக்கும்போதும், புண் வந்து ஆறிப்போய் மாதிரி எடுக்க முடியாதபோதும், மாதிரிச் சோதனை நெகட்டிவாக வந்தும் ஐயம் தீராதபோதும் இரத்தப் பரிசோதனைக்கு உரிய இடம் உண்டு.

எண் 9-க்கு மேல் வந்திருக்கிறது. நோய் முற்றிவிட்டதா?

இல்லை. பெரிய எண், முடிவு மெய்யானது என்ற உறுதியை மட்டுமே கூட்டுகிறது. கொப்புளம் எத்தனை முறை வரும், எவ்வளவு வலிக்கும், பிறருக்கு எவ்வளவு எளிதாகத் தொற்றும் என்பவற்றுக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை.

இரண்டு ஆய்வகங்கள் இரண்டு எண்கள் கொடுத்திருக்கின்றன. எது சரி?

இரண்டும் அவரவர் அளவுகோலில் சரியாக இருக்கலாம். ஓர் ஆய்வகம் இண்டெக்ஸ் என்றும், இன்னொன்று வேறு அலகிலும் தரும்; பயன்படுத்தும் கருவியும் வினைப்பொருளும் மாறினால் எல்லைக்கோடும் மாறும். எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடாமல், ஒவ்வொன்றையும் அந்தத் தாளிலேயே அச்சிட்டுள்ள எல்லைக்கோட்டோடு ஒப்பிடுங்கள். ஒரே ஆய்வகத்தில் 4.1 பின்னர் 4.9 ஆனாலும் அதில் பொருள் தேட வேண்டியதில்லை.

தொடர்பு நடந்த இரண்டாம் வாரத்தில் செய்த சோதனை நெகட்டிவ். தப்பித்துவிட்டேனா?

அது பழைய கதையை மட்டுமே சொல்கிறது: அந்தத் தொடர்புக்கு முன் உங்களுக்குத் தொற்று இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஐஜிஜி எழும்ப வாரக்கணக்கில் ஆகும். மூன்றாம் வாரத்திலேயே சிலருக்குத் தெரியத் தொடங்கினாலும், பெரும்பாலோருக்கு 12 வாரத்துக்குள்தான் அது எல்லையைத் தாண்டும், ஒரு சிலருக்கு 16 வாரம் வரை ஆகலாம். தொடக்கத்திலேயே அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து எடுத்துக்கொண்டால் இன்னும் தாமதப்படக்கூடும் என்பதால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த முதல் தாளைத் தூக்கியெறியாதீர்கள். பின்னொரு கேள்விக்கு அது பெரிதும் உதவும்.

வகை 1-ஐப் பொறுத்தவரை இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பரவலான எலிசா சோதனைகள் வகை 1 தொற்றுள்ளவர்களில் ஏறக்குறைய பத்துக்கு மூவரைத் தவறவிடுகின்றன. உதட்டில் அடிக்கடி கொப்புளம் வருபவருக்கு வகை 1 நெகட்டிவ் என்று வந்தால், தாளைக் காட்டிலும் உதட்டை நம்புவதே நியாயம்.

புண்ணிலிருந்து எடுத்த மாதிரி நெகட்டிவ், இரத்தம் பாசிட்டிவ். இது எப்படி?

மாதிரி எடுத்த நேரத்தைப் பாருங்கள். கொப்புளம் நீர்கோத்து நிற்கும் முதல் ஓரிரு நாள்களில் வைரஸ் ஏராளமாக இருக்கும். பொருக்குத் தட்டியபின் குறைந்துபோகும். வைரசை வளர்த்துப் பார்க்கும் பழைய முறை இத்தகைய மாதிரிகளில் எளிதில் தோற்றுவிடும். வைரசின் மரபணுப் பொருளைத் தேடும் பிசிஆர் முறை பலமடங்கு கூர்மையானது என்றாலும் ஆறிய தோலில் அதற்கும் பிடிக்க ஒன்றுமிருக்காது. ஆகவே நெகட்டிவ் மாதிரி தொற்று இல்லை என்பதை மெய்ப்பிக்காது. மறுபுறம், இரத்தத்தில் வகை 1 பாசிட்டிவ் என்பதாலேயே அந்தப் புண் ஹெர்ப்பிசால் வந்தது என்றும் ஆகாது. குழந்தைப் பருவத்தில் வந்த தொற்று அங்கே பதிவாகியிருக்கலாம், புண்ணுக்கு வேறு காரணம் இருக்கலாம். சிபிலிஸ் உள்ளிட்ட பிற நோய்களையும் மருத்துவர் தேடுவது அதனால்தான்.

பிசிஆரில் பாசிட்டிவ் வந்து, எந்த வகை என்பதும் தெரிந்தால், அதற்குமேல் இரத்தத்திடம் ஒப்புதல் கேட்கத் தேவையில்லை.

திருமணமாகிப் பத்தாண்டு ஆகிறது. எனக்கு இப்போது வகை 2 பாசிட்டிவ். என் துணைவர் எனக்கு உண்மையாக இல்லையா?

இந்தக் கேள்விக்காகவே பலர் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். அந்தத் தாளில் இதற்கு விடை இல்லை.

முதலில் முடிவு மெய்யா என்பது உறுதியாக வேண்டும்; எண் தாழ்ந்ததாக இருந்தால் சண்டையைத் தொடங்குமுன் உறுதிப்படுத்தும் சோதனையைச் செய்யுங்கள். மெய் என்றே தெரிந்தாலும், ஐஜிஜி எதிர்ப்பொருள் சென்ற மாதம் உருவானதா, இருபது ஆண்டுக்கு முன் உருவானதா என்று சோதனை பிரித்துக் காட்டாது. வகை 2 உள்ளவர்களில் பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்கிறார்கள்; அவர்களுக்கு அறிகுறி எதுவும் தோன்றியிருக்காது, தோன்றிய சிறு கீறலையோ அரிப்பையோ வேறு எதுவோ என்று கடந்திருப்பார்கள். புண் இல்லாத நாள்களிலும் வைரஸ் தோலின்மேல் அவ்வப்போது வெளிப்படும். எனவே தொற்று திருமணத்துக்கு முன்பே உங்களிடம் இருந்திருக்கலாம். துணைவரிடம் அவரும் அறியாமல் இருந்து, ஆண்டுகள் கழித்து உங்களை வந்தடைந்திருக்கலாம். முதன்முறையாகப் புண் தெரிந்த நாள்தான் தொற்றிய நாள் என்பதில்லை.

காலத்தை ஓரளவு கணிக்க இரண்டே சூழ்நிலைகளில் முடியும். புண்ணிலிருந்து எடுத்த மாதிரியில் வகை 2 இருந்து, அதே நாளில் எடுத்த இரத்தத்தில் வகை 2-க்கான ஐஜிஜி இல்லை என்றால் தொற்று புதியது. முன்பு ஒரு நெகட்டிவ் தாள் இருந்து, பின்னர் உறுதியான பாசிட்டிவ் வந்தால், இடைப்பட்ட காலத்திலோ அதற்குச் சில வாரம் முன்போ தொற்றியது. இவை இரண்டும் இல்லாத இடத்தில் நாளையும் ஆளையும் குறிப்பிட்டுச் சொல்பவர் மருத்துவரே ஆனாலும் அது ஊகம்தான்.

துணைவரையும் வகை பிரித்துக் காட்டும் ஐஜிஜி சோதனை செய்துகொள்ளச் சொல்லலாம். அவருக்கும் உறுதியான வகை 2 என்றால், இனி ஒருவரிடமிருந்து ஒருவரைக் காக்கும் கவலை பெரும்பாலும் நீங்குகிறது. யார் முதலில் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும்.

கர்ப்பகாலத்தில் எடுத்த, குழந்தையைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளை ஒருசேரத் தேடும் டார்ச் பரிசோதனையில் ஹெர்ப்பிஸ் பாசிட்டிவ். குழந்தைக்கு ஆபத்தா?

எந்த வரி பாசிட்டிவ் என்று பாருங்கள். ஐஜிஎம் வரியைப் பற்றி மேலே சொன்னது இங்கும் பொருந்தும். ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் அது பழைய தொற்றின் பதிவு. தாயின் அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் சென்று ஓரளவு காப்பாகிறது. பிறந்த குழந்தையின் இரத்தத்தில் ஐஜிஜி தென்பட்டாலும் அது தாயுடையதாக இருக்கும். குழந்தைக்கு நோய் என்று பொருளல்ல.

உண்மையான ஆபத்து, பேறுகாலம் நெருங்கும்போது முதன்முறையாகப் பிறப்புறுப்பில் தொற்று வரும் தாய்மாருக்கே. அந்நிலையில் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம் வரை. முன்பே தொற்றுள்ள, அவ்வப்போது புண் வரும் தாய்மாரிடம் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே பிறப்புறுப்பில் எப்போதேனும் புண் வந்திருந்தாலோ, துணைவருக்கு உதட்டிலோ கீழேயோ ஹெர்ப்பிஸ் இருந்தாலோ, அந்தச் செய்தி டார்ச் தாளைவிட மகப்பேறு மருத்துவருக்கு அதிகம் பயன்படும். மறைக்காமல் சொன்னால், 36-ஆம் வாரத்திலிருந்து மருந்து தருவதா, பிரசவ வலி எழும்போது புண் இருந்தால் அறுவைசிகிச்சை செய்வதா என்று அவர் முன்கூட்டியே திட்டமிடுவார்.

எனக்கு முன்பு அக்கி வந்தது. அதனால் இந்தச் சோதனை பாசிட்டிவ் ஆகுமா?

பேச்சுவழக்கில் அக்கி என்ற ஒரே சொல் பல கொப்புளங்களுக்கும் பொதுவாக வழங்குவதால் வரும் மயக்கம் இது. உடலின் ஒரு பக்கமாகப் பட்டையாக எழுந்து எரியும் அக்கிக்குக் காரணம், சின்னம்மையை உண்டாக்கும் வேரிசெல்லா ஜோஸ்டர் என்னும் வைரஸ். அதன் மருத்துவப் பெயரிலும் ஹெர்ப்பிஸ் என்ற சொல் இருக்கிறது; குடும்பம் ஒன்று, நோய் வேறு. கிளைக்கோபுரோட்டீன் ஜி அடிப்படையிலான எச்எஸ்வி சோதனை அதைத் தேடுவதில்லை.

வகை 2 என்று உறுதியாகிவிட்டது. இனி என்ன?

அறிகுறி இல்லையென்றால் உங்களுக்காக உடனடி மருத்துவம் எதுவும் தேவைப்படாமலே இருக்கலாம். வைரசை உடலிலிருந்து அகற்றும் மருந்து இன்றில்லை. ஆனால் அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் போன்றவை புண்களின் காலத்தையும் எண்ணிக்கையையும் குறைக்கும். துணைவருக்குத் தொற்று இல்லையென்றால், தினமும் 500 மில்லிகிராம் வாலசைக்ளோவிர் எடுத்துக்கொண்டபோது அவருக்குத் தொற்றுவது 48 சதவீதம் குறைந்தது என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆணுறையும், புண் இருக்கும் நாள்களில் உறவைத் தவிர்ப்பதும் அதனோடு சேரும்போது காப்பு கூடும். வகை 2 தொற்று எச்ஐவி தொற்றும் வாய்ப்பைக் கூட்டுவதால் அந்தச் சோதனையையும் ஒருமுறை செய்துகொள்வது முறை.

மருந்து சாப்பிட்டு முடித்தபின், குணமானதா என்று பார்க்க மறுபடி இரத்தம் கொடுக்கலாமா?

தேவையில்லை. மருந்தால் ஐஜிஜி மறையாது; புண்ணே வராத ஆண்டுகளிலும் அது பாசிட்டிவாகவே இருக்கும். ஐஜிஜி பல ஆண்டுகளுக்குப்பின் எல்லைக்கோட்டுக்குக் கீழே இறங்குவது அரிதாக நடப்பதுண்டு. அதுவும் வைரஸ் நரம்பை விட்டுப் போய்விட்டதாகப் பொருள்படாது.